கெல்ட் பிரபுக் குதிரைப்படை, 28 மி.மீ. பிளாஸ்டிக் பெட்டி: மதிப்புரை

பண்டைய ஐரோப்பாவின் கெல்ட் மக்களுடைய குதிரைப்படையை, ஒட்டி வண்ணமடித்துப் போர் விளையாட்டில் நிறுத்தும் சிறு பொம்மைகளாகத் தரும் பெட்டி இது; 28 மி.மீ. என்பது சுமாராக ஒரு ஆளின் உயரம். உள்ளே பன்னிரண்டு குதிரைகள், பன்னிரண்டு வீரர்கள், தனித்தனித் தலைகள், கைகள், கேடயங்கள். இந்தப் பெட்டியை வாங்கச் சொல்வதற்கு முதல் காரணம் சேணம். அங்கவடி இல்லாத காலத்தில் ஈட்டியோடு மோதியும் கீழே விழாமல் இருக்க உதவியது நான்கு கொம்புச் சேணம்தான். முன்கொம்புகள் தொடையை அழுத்திப் பிடிக்கும், பின்கொம்புகள் இடுப்புக்கு அணைகொடுக்கும். தென் பிரான்சின் கிளானம் நினைவுச்சின்னச் சிற்பத்தில் இதைக் காணலாம். இங்கே நான்கு கொம்புகளும் தெளிவாக வார்க்கப்பட்டிருக்கின்றன, வீரனின் தொடையும் இடைவெளியின்றிப் பொருந்துகிறது. மற்ற பெட்டிகளில் அபூர்வமாகவே கிடைக்கிற நேர்த்தி இது.

குதிரைகள்தான் ஏமாற்றம். தோள் உயரம் 27 மி.மீ.; 1/56 அளவில் அது சுமார் 150 செ.மீ. அக்காலக் குதிரைகள் பெரும்பாலும் 120–130 செ.மீ. உயரந்தான், அதாவது 21–23 மி.மீ. போதும். இதைத் திருத்த வழியில்லை.

தலைகளைக் கலக்காதீர்கள். குமிழ் வைத்த மாண்டிஃபோர்டினோ தலைக்கவசம் கி.மு. 3ஆம் நூற்றாண்டுப் படைக்கு நன்றாகப் பொருந்தும். அகலவிளிம்புள்ள ஏஜான் வகை கி.மு. 1ஆம் நூற்றாண்டின் சீசர் காலத்தது. வாளுறை வலது இடுப்பில் தொங்க வேண்டும், செய்முறைத் தாளின் படமோ இடப்பக்கம் காட்டுகிறது.

கி.மு. 279இல் கிரேக்கத்துக்குள் புகுந்த கெல்ட் தலைவன் பிரென்னஸின் படையை அமைப்பவர்கள் மூவர் மூவராகப் பிரிக்கலாம். அந்த முறைக்கு டிரிமார்கிசியா என்று பெயர். பிரபுவின் குதிரை விழுந்தால் உதவியாள் ஒருவன் தன் குதிரையைத் தருவான். பிரபு காயம்பட்டால் ஒருவன் அவரைத் தூக்கிச் செல்ல, மற்றவன் அவர் இடத்தில் நின்று போரிடுவான். ஒரு பெட்டியில் இப்படி நான்கு அணிகள் தேறும். ஆனால் பன்னிரண்டு உடல்களில் எட்டுக்கு வளையக் கவசம். எனக்கு அது நான்கு பிரபுக்களுக்கு மட்டும் இருந்தால் போதும். மீதியில் நான்கின் வளையங்களை அரத்தால் தேய்த்துச் சட்டையாக்க வேண்டியிருக்கும்.

குதிரையின் இரு பாதிகளும் பிடரியிலும் வயிற்றிலும் சரியாகச் சேர்வதில்லை. பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டும் திரவப் பசையைச் சேரும் கோட்டில் ஓடவிட்டு அழுத்தி, ஓரிரவு காயவிட்ட பிறகே உப்புத்தாள் போடுங்கள். முன்பே தேய்த்தால் இளகிய பிளாஸ்டிக் இழுபட்டு வடுவாகும். வீரனையும் குதிரையையும் தனித்தனியே வண்ணமடித்து, ஒட்டும் இடத்தை மட்டும் வெறுமையாக விடுங்கள், ஏனென்றால் வண்ணத்தின் மேல் இந்தப் பசை பிடிக்காது. ஈட்டி கைப்பிடியருகே ஒடியும். கையில் 1 மி.மீ. துளையிட்டுப் பித்தளைக் கம்பி செருகி, முனையைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்குங்கள். கம்பியை ஒட்ட சூப்பர் க்ளூதான் வேண்டும்.