மோல்மேனா, ரங்கூனா? சம்பளத்தை விடுங்கள், வாடகையைப் பாருங்கள்

பர்மாவின் பெரிய நகரமான ரங்கூனில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு, இப்போது சொந்த ஊரான மோல்மேனில் ஒரு ரப்பர் வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறேன். வேலைக்கு ரங்கூன் போவதா, ஊரிலேயே இருப்பதா என்றால் என் ஓட்டு எந்தப் பக்கம் என்று இதிலேயே தெரிந்திருக்கும். ஊரில் சுமாரான வேலை கிடைத்தாலும் ஊரிலேயே இருக்கலாம் என்பதுதான் என் கட்சி.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் தள்ளிவிடலாம். ரங்கூனில் சம்பளம் அதிகம், வேலையும் பல விதம். எல்சிசிஐ என்கிற கணக்குச் சான்றிதழ்ப் படிப்பு, கம்ப்யூட்டர் வகுப்பு எல்லாம் தெருவுக்குத் தெரு உண்டு. ஊரில் அம்மா கைச்சோறு, சொந்த வீடு, வாசலில் பைக். பைக்கைச் சும்மா சொல்லவில்லை. ரங்கூனின் பெரும்பாலான பகுதிகளில் மோட்டார் சைக்கிளுக்கு 2003லிருந்தே தடை. ஊரில் பத்து நிமிஷத்தில் வேலைக்குப் போய்ப் பழகியவர்களுக்கு அங்கே பஸ்ஸில் நின்றுகொண்டே போவது பெரிய தண்டனை.

சரி, வாடகைக்கு வருகிறேன். ரங்கூனில் வீட்டுக்காரர்கள் பொதுவாக மாதா மாதம் வாங்குவதில்லை. ஆறு மாதத்துக்கோ ஒரு வருஷத்துக்கோ மொத்தமாக முன்னாலேயே எண்ணிக் கொடுக்க வேண்டும். சென்னையில் கொடுக்கிற அட்வான்ஸ் காலி செய்யும்போது திரும்பி வரும். இது திரும்பாது, இதுதான் வாடகையே. தரகருக்கு ஒரு மாத வாடகை தனி. மாதம் 3 லட்சம் கியாட் (பர்மா பணம்) வாடகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு 18 லட்சம், தரகு 3 லட்சம், ஆக 21 லட்சம் கொடுத்தால்தான் சாவி கைக்கு வரும். சம்பளம் 6 லட்சம் என்றால், வேலையில் சேரும் முன்பே மூன்றரை மாதச் சம்பளம் காலி.

அந்த 21 லட்சத்துக்கு இருபத்திரண்டு வயதுப் பிள்ளை எங்கே போகும்? அம்மாவின் சங்கிலி அடகுக்கடைக்குப் போகும். கியாட்டை நம்பி நம் வீடுகளில் யாரும் பணமாகச் சேர்த்து வைப்பதில்லை, எல்லாம் தங்கம்தான். 2021 தொடக்கத்தில் டாலருக்குச் சுமார் 1,330 கியாட். 2022 ஆகஸ்டில் அரசாங்க விலையே 2,100 ஆகிவிட்டது, வெளிச் சந்தையில் அதற்கும் மேல். கியாட் இறங்க இறங்க விலை ஏறுகிற நகையை வட்டிக்கு வைத்து, ஆறு மாதத்தில் ஒன்றுமில்லாமல் கரைந்துபோகும் ஒன்றை வாங்குகிறோம். நகையை மீட்பதற்குள் அடுத்த ஆறு மாதம் வந்துவிடும். அப்போது வீட்டுக்காரர் பழைய வாடகையையே சொன்னால் அது அதிர்ஷ்டம். முதலாளி அந்த வேகத்தில் சம்பளத்தை ஏற்ற மாட்டார்.

நாலு பேர் சேர்ந்து எடுத்தால் சுமை குறையும், உண்மைதான். ஆனால் நடுவில் ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகிக் கிளம்பினால் அவள் பங்கை வீட்டுக்காரர் திருப்பித் தரமாட்டார். மிச்சம் இருப்பவர்கள்தான் கொடுக்க வேண்டும், அல்லது சண்டை போட வேண்டும். மாதா மாதம் கட்டுகிற ஹாஸ்டல் ஒன்றுதான் தப்பிக்கும் வழி. ஒரு கட்டில், ஒரு அலமாரி, அவ்வளவுதான் நம் உலகம்.

குறைந்த வாடகை என்று மேல்மாடிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது, அதனால்தான் உயரம் கூடக்கூட வாடகை குறைகிறது. கரண்ட் போனால் மோட்டாரும் நிற்கும், தண்ணீர் மேலே ஏறாது. ஆறாவது மாடியில் வாளியோடு நிற்கும்போது ஊரில் கிணறு இருப்பது ஞாபகத்துக்கு வரும். ஊரிலும் கரண்ட் போகிறது, இல்லை என்று சொல்லவில்லை. தண்ணீர் மட்டும் போகாது.

ரங்கூன் பக்கமும் நியாயம் உண்டு. கணக்கு வேலையை நான் கற்றுக்கொண்டது அங்கேதான், ஊரில் அவ்வளவு சீக்கிரம் கற்றிருக்க மாட்டேன். அனோரத்தா சாலைக் காளி கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்தால் யாரும் வழிமறித்து “கல்யாணம் எப்போம்மா?” என்று கேட்பதில்லை. மோல்மேன் கோயிலில் மூன்று அத்தைகளாவது கேட்பார்கள்! பெண்பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பையன்கள் விஷயத்தில் என் கணக்கு அப்படியே பொருந்தாது. 2024 பிப்ரவரியில் ராணுவ அரசாங்கம் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தது: ஆண்களுக்கு 18 முதல் 35 வயது, பெண்களுக்கு 18 முதல் 27. ஊரில் வார்டு அலுவலகத்துக்கு எல்லார் வீட்டுப் பிள்ளையையும் தெரியும். ரங்கூனில் வேறு வீட்டில் தங்கினால் இன்னார் இங்கே ராத்தங்குகிறார் என்று வார்டு அலுவலகத்தில் விருந்தாளிப் பதிவு செய்ய வேண்டும், சோதனைக்கும் வருவார்கள். இரண்டில் எது பாதுகாப்பு என்று என் தம்பிக்கே நான் சொல்லவில்லை, மற்றவர்களுக்கு எப்படிச் சொல்வேன்? எல்லை ஊரான மியாவடி தாண்டித் தாய்லாந்து போகிற வழியும் மலேசியாவும் எனக்குக் கேள்வி ஞானம்தான். போனவர்களிடம் கேளுங்கள், முக்கியமாக முகவருக்கு எவ்வளவு கடன் வாங்கிக் கொடுத்தார்கள் என்று.

என் சித்தப்பா மகள் ரங்கூனில் நன்றாகவே இருக்கிறாள், மாதம் பணமும் அனுப்புகிறாள். அவள் தங்கியிருப்பது அவளுடைய தாய்மாமா வீட்டில், வாடகை கிடையாது. உங்களுக்கும் அப்படி ஒரு மாமா இருந்தால் தாராளமாகப் போங்கள். இல்லையென்றால் வீட்டை எடுக்காமல் முதலில் ஹாஸ்டலில் சேருங்கள், ஊர் வீட்டில் இருப்பவர்களை அரசாங்கம் பதிந்துவைக்கும் குடும்பப் பட்டியலிலிருந்து பெயரை வெட்டிக்கொள்ளாதீர்கள், சங்கிலி பீரோவிலேயே இருக்கட்டும்.