எரிந்தால் கொழுப்பு கரைகிறதாம்!

தொடையிலும் பின்புறத்திலும் தோல் குழிகுழியாகத் தெரிகிறதே, அந்த செல்லுலைட்டைக் கரைக்கும் என்று கிரீம் விற்கிறார்கள். வாங்கப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் ஆன்லைனில் வாங்கிய டப்பாவில் 'நான்கே வாரத்தில் பலன், இல்லாவிட்டால் பணம் வாபஸ்' என்று போட்டிருந்தது. பூசியதும் தோல் சிவந்து காந்தியது. விற்றவர்களிடம் கேட்டால், "கொழுப்பு உருகுதுங்க மேடம், அதான் சூடு. இன்னும் நல்லா தேய்ங்க" என்று பதில். தோல் தடித்து அரிக்கத் தொடங்கவும் டாக்டரிடம் போனேன். அவர் டப்பாவின் பின்பக்கம் படித்துக் காட்டியவை இரண்டு: மெத்தில் நிக்கோடினேட், மிளகாய்ச் சாறு. முதலாவது தோலின் ரத்தக் குழாய்களை விரித்துச் சிவக்க வைக்கும். இரண்டாவது என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. மூட்டுவலித் தைலங்களில் போடுகிற சரக்குதான். அந்தச் சூட்டுக்கும் கொழுப்புக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

தோலுக்கு அடியில் கொழுப்பை அறை அறையாகப் பிரிக்கும் நார்கள் இருக்கின்றன. பெண்களுக்கு அவை பெரும்பாலும் செங்குத்தாக நின்று தோலைக் கீழே இழுக்கும், நடுவில் உள்ள கொழுப்பு மேலே பிதுங்கும். மெத்தையில் தையல் விழுந்த இடம் குழிவது போலத்தான். இதுதான் செல்லுலைட். ஒல்லியானவர்களுக்கும் வரும்; வயதுக்கு வந்த பெண்களில் 80 முதல் 90 சதவீதம் பேருக்கு இருப்பதாகச் சொல்கிறார்கள். நோயே இல்லை. மேலே பூசுகிற எதுவும் அந்த நாரை அறுக்காது.

காஃபின் கலந்த கிரீம் கொஞ்ச நேரம் தோலை இறுக்கமாகக் காட்டும், அவ்வளவுதான். ரெட்டினால் என்ற வைட்டமின் ஏ வகை 0.3 சதவீதம் கலந்த கிரீமை ஆறு மாதம் பூசினால் தோல் சற்றுத் தடித்து, குழிகள் ஓரளவு மறையலாம். கர்ப்பிணிகள் அதைத் தொடக் கூடாது. நாரையே கரைக்கும் ஊசி ஒன்றுக்கு 2020-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. ரத்தக்கட்டு, நிறமாற்றம் என்று பிரச்சினை வந்து 2022 கடைசியில் தயாரித்த நிறுவனமே அதைக் கைவிட்டது. ஊசிக்கே அந்தக் கதி!

பணம் வாபஸ் கதை இன்னும் வேடிக்கை. பாதி மீதமிருந்தால் "முழுசா உபயோகிக்கலையே, அப்புறம் எப்படிப் பலன் தெரியும்?" என்பார்கள். தீர்த்துவிட்டுக் கேட்டால் "காலி டப்பாவைத் திருப்பி எடுக்க மாட்டோம்." நான் எழுதிய விமர்சனத்தையும் நீக்கிவிட்டார்கள்.

'முன்–பின்' படங்களையும் நம்பாதீர்கள். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் குழி ஆழமாகத் தெரியும், நேராக அடித்தால் காணாமல் போகும், கிரீமே தேவையில்லை.

இப்போது அதே கிரீம் வேறு பெயரில், வேறு நிற டப்பாவில் விளம்பரத்தில் வருகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியலைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுத்தால் வாங்காதீர்கள்.