ஓக்மான்ட் மழை, எட்மன்டன் பனி: ஒரு வார இறுதி நேரலையின் விமர்சனம்

தொலைக்காட்சிக்குள் எளிதில் அடங்காத விளையாட்டுகள் என்றால் முதலில் கோல்ஃபும் ஐஸ் ஹாக்கியும்தான். ஒன்றில் 42.67 மில்லிமீட்டர் விட்டமுள்ள வெள்ளைப் பந்து, மேகம் மூடிய வெளிர் வானத்தில் கரைந்துபோகிறது. மற்றொன்றில் 3 அங்குல விட்டமும் 1 அங்குலத் தடிமனும் உள்ள கறுப்பு ரப்பர் வட்டு, அதாவது பக், 200 அடி நீளப் பனித்தளத்தில் கால்களுக்கும் மட்டைகளுக்கும் நடுவே பாய்கிறது. 2025 ஜூன் 14, சனிக்கிழமை இரவு கனடாவின் எட்மன்டனில், வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடரின் 5ஆவது ஆட்டம். மறுநாள் பென்சில்வேனியாவில் உள்ள ஓக்மான்டில் யு.எஸ். ஓப்பன் கோல்ஃபின் கடைசிச் சுற்று. நேரலைச் சேவைகளைச் சோதித்துப் பார்க்க இதைவிடக் கடினமான வார இறுதி அமையாது.

ஆட்டங்களின் தரத்தில் குறையே இல்லை. வீட்டுத் திரைக்கு அவை எப்படி வந்து சேர்கின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அமெரிக்க ரசிகருக்கு முதல் தலைவலி, இரண்டு போட்டிகளும் வெவ்வேறு நிறுவனங்களிடம் இருந்தது. இணையத்தில் மட்டும் பார்ப்பவருக்கு இரண்டு சந்தா. ஜூன் மாதத்துக்கு மட்டும் வேண்டுமென்றால் மாதச் சந்தாவாக எடுத்து, எடுத்த அன்றே தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவைப்பது நல்லது. கட்டிய மாதம் முடியும்வரை பெரும்பாலும் பார்க்க முடியும்.

ஹாக்கியிலிருந்து தொடங்கலாம். இங்கே 4கே (மிகக் கூர்மையான படம்) என்ற விளம்பரச் சொல்லைவிட, நொடிக்கு எத்தனை ஃப்ரேம், அதாவது எத்தனை தனிப்படம், என்பதுதான் முக்கியம். மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கப்பட்ட பக், நொடிக்கு ஏறக்குறைய 40 மீட்டர் கடக்கிறது. நொடிக்கு 30 ஃப்ரேம் ஓடும் படத்தில் ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே அது 1.3 மீட்டருக்கு மேல் தாவிவிடும். 60 ஃப்ரேமில் இந்தத் தாவல் பாதியாகிறது. கண்ணால் பக்கைப் பின்தொடர முடிவதும் முடியாததும் இந்த இடத்தில்தான் முடிவாகிறது. அதனால் 60 ஃப்ரேமில் வரும், கூர்மை குறைந்த 720பி படம், 30 ஃப்ரேமில் வரும் 4கே படத்தைவிட ஹாக்கிக்கு மேல். சில செயலிகள் உலாவியில் 30 ஃப்ரேமும், தொலைக்காட்சிப் பெட்டியில் நேரடியாக நிறுவினால் 60 ஃப்ரேமும் தருகின்றன. மடிக்கணினியிலிருந்து திரைக்கு அனுப்பிப் பார்ப்பதைத் தவிர்க்க இதுவே போதுமான காரணம்.

அடுத்து தொலைக்காட்சியின் அமைப்புகள். மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிட வேண்டும். அது இல்லாத ஃப்ரேம்களைத் தானே கற்பனை செய்து நிரப்புகிறது. சிறிய பொருள் வேகமாகப் போகும்போது அந்தக் கணக்கு தப்பிவிடும். பக் இரண்டாகத் தெரியும், அல்லது மட்டைக்கு அருகில் மறைந்துவிடும். டைனமிக் கான்ட்ராஸ்ட்டையும் அணைக்க வேண்டும். திரை முழுக்க வெண்பனி நிறைந்திருக்கும்போது அது வெளிச்சத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும். பனியில் விழுந்த சறுக்குக் கீறல்களும் தளத்துக்கு அடியில் வரைந்த கோடுகளும் வெளுத்துவிடும். ‘ஸ்போர்ட்ஸ்’ என்று பெயரிட்ட பட முறை பல பெட்டிகளில் இந்த இரண்டையும் சேர்த்தே இயக்குகிறது. பெயரை நம்பி அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

பக்கைக் காட்டுவதற்காக 1996இல் ஒரு ஒளிபரப்பாளர் அதைச் சுற்றி நீல ஒளிவட்டம் போட்டார், வேகமாக அடித்தால் சிவப்பு வாலும் சேர்ந்துகொண்டது. ரசிகர்களில் பலர் அதை வெறுத்தார்கள். 1998க்குப் பிறகு அது வரவில்லை. இப்போது பக்குக்குள் அகச்சிவப்பு உமிழிகள் இருக்கின்றன, ஆனால் அந்தத் தரவு வேகத்தையும் தூரத்தையும் சொல்லத்தான் பயன்படுகிறது. வழக்கமான ஒளிபரப்பில் படத்தின் மேல் பூசப்படுவதில்லை. இது சரியான முடிவு. பக் தெரியாத நொடியில் வீரர்களின் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கப் பழகினால், அது எங்கே என்று தானாகத் தெரியும்.

5ஆவது ஆட்டம் இந்தப் பழக்கத்துக்கு நல்ல பாடம். தொடர் 2–2 என்று சமநிலையில் இருந்தது. முதல் நான்கில் மூன்று ஆட்டங்கள் ஓவர்டைம் என்ற கூடுதல் நேரத்துக்குப் போனவை. 4ஆவது ஆட்டத்தில் எட்மன்டன் ஆய்லர்ஸ் 0–3 என்று பின்தங்கி, பிறகு 5–4 என்று வென்றது. ஆனால் சனிக்கிழமை ஃப்ளோரிடா பாந்தர்ஸ் கடிவாளத்தை விடவே இல்லை. பிராட் மார்ச்சண்ட் முதல் பகுதியில் ஒன்றும் மூன்றாம் பகுதியில் ஒன்றும் அடித்தார், இடையில் சாம் பென்னெட் ஒன்று. 3–0. ஆய்லர்ஸின் கானர் மெக்டேவிட் ஒரு கோல் திருப்பியதும் அரங்கம் எழுந்து நின்றது. 46 நொடிகளில் சாம் ரைன்ஹார்ட் பதில் கோல் போட்டு அதை அடக்கினார். கடைசிக் கணக்கு 5–2.

அந்த 46 நொடியில்தான் இணைய நேரலையின் பெரிய குறை வெளிப்படும்: தாமதம். கேபிள் வழி படம் சில நொடிகள் பின்தங்கி வருகிறது. இணைய வழியில் அது அரை நிமிடத்தையும் தாண்டலாம். படம் சிறுசிறு துண்டுகளாக வெட்டப்பட்டு, பல தரங்களில் சுருக்கப்பட்டு, பெட்டியின் நினைவகத்தில் சில துண்டுகள் சேர்ந்த பிறகே ஓடத் தொடங்குவதால் இப்படி. மெக்டேவிட்டின் கோலுக்கு வீட்டில் துள்ளிக்கொண்டிருக்கும்போதே ரைன்ஹார்டின் கோலைக் கைபேசி அறிவித்துவிடும். ஸ்கோர் செயலிகளின் அறிவிப்பை ஆட்டம் தொடங்குமுன் அணைத்துவிடுங்கள், நண்பர்கள் குழுவையும் ஊமையாக்குங்கள். படம் நடுவில் நின்று மீண்டும் ஓடினால் தாமதம் இன்னும் கூடியிருக்கும். ‘நேரலைக்குத் திரும்பு’ பொத்தானை அழுத்தினால்தான் அது குறையும், தானாகக் குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பதிவுசெய்து பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிளேஆஃபின், அதாவது கோப்பைக்கான இறுதிக்கட்ட ஆட்டங்களின், ஓவர்டைம் வழக்கமான சீசனின் 5 நிமிடக் கூடுதல் நேரம் போன்றதல்ல. ஐவருக்கு ஐவர், 20 நிமிடப் பகுதிகள், ஒரு கோல் விழும்வரை. இதே தொடரின் 2ஆவது ஆட்டம் இரண்டாம் ஓவர்டைமில் முடிந்தது. மூன்று மணி நேரம் என்று குறித்த பதிவு அந்த இரவில் நடுவிலேயே அறுந்திருக்கும். முடிவு நேரத்தோடு குறைந்தது இரண்டு மணி நேரம் கூட்டிவையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோல்ஃப் பதிவுக்கும் இந்தக் கூடுதல் நேரம் தேவைப்பட்டது. மழைக்காக ஆட்டம் 96 நிமிடங்கள் நின்றது. திரும்பத் தொடங்கியபோது மைதானம் ஊறிப்போயிருந்தது, படமும் அப்படியே. மழை, படச் சுருக்கத்துக்குப் பரம எதிரி. சுருக்கும் மென்பொருள் ஒரு ஃப்ரேமில் மாறாத பகுதியை அடுத்த ஃப்ரேமிலும் அப்படியே எடுத்துக்கொள்கிறது. மழைத்துளிகள் விழும்போது மாறாத பகுதி என்று ஒன்றும் மிஞ்சுவதில்லை. கொடுத்த தரவளவு போதாமல் புல் பச்சைக் குழம்பாகிவிடும். ஓக்மான்டின் ரஃப் (ஃபேர்வே என்ற வெட்டிய ஆடுபாதைக்கு வெளியே உள்ள நீண்ட புல்) 5 அங்குல உயரம். அந்தக் குழம்புக்குள் பந்து எப்படிக் கிடக்கிறது என்பது தெரியாவிட்டால், வீரர் ஏன் கொடியை நோக்கி அடிக்காமல் ஃபேர்வேக்கு வெட்டித் தள்ளுகிறார் என்பதும் புரியாது. இந்த ஒரு விஷயத்துக்காகவே, அலைவாங்கி (ஆன்டெனா) வழியாகக் கிடைக்கும் இடத்தில் கோல்ஃபை அலைவாங்கியில் பார்ப்பது மேல். இணையம்தான் வழி என்றால் பெட்டியை வைஃபையிலிருந்து எடுத்து ஈதர்நெட் கம்பியில் இணையுங்கள்.

பந்தின் பாதையைக் கோடாக வரையும் வசதி இன்று கோல்ஃப் ஒளிபரப்பின் உயிர்நாடி. முன்பு பந்து போன திசையைப் பார்வையாளர்களின் தலை திரும்புவதிலிருந்து ஊகிக்க வேண்டியிருந்தது. கோடு வந்தபிறகு, பந்து எங்கே வளையத் தொடங்குகிறது என்பது அடித்த ஒரு நொடியில் தெரிகிறது. ஆனால் துளையைச் சுற்றிய குட்டைப் புல்தரையான கிரீனில் இந்தக் கோடு இருந்தும் பெரிய பயனில்லை. கேமரா மேலிருந்து பார்ப்பதால் சரிவு தட்டையாகிவிடுகிறது. ஓக்மான்டின் கிரீன்கள் சரிவுக்கும் வேகத்துக்கும் பேர்போனவை. கிரீனின் வேகத்தை அளக்கும் ஸ்டிம்ப்மீட்டர் என்ற கருவிக்கான எண்ணமே 1935இல் அங்கே நடந்த யு.எஸ். ஓப்பனில் பிறந்ததுதான். அந்த வேகத்தைத் திரையில் உணர்த்துவது, பந்துக்குப் பின்னால் தரையோடு தரையாக வைக்கும் கேமரா மட்டுமே.

ஜே.ஜே. ஸ்பான் அன்று முதல் 6 துளைகளில் 5 போகி (துளைக்குக் குறித்த ‘பார்’ என்ற அடி எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதல்) போட்டார். 2ஆம் துளையில் நன்றாக அடித்த பந்து கொடிக்கம்பத்தில் பட்டு, ஏறத்தாழ 50 கெஜம் பின்னால் உருண்டு வந்தது. முன்பாதி 9 துளைகளுக்கு 40 அடி. மழை இடைவேளைக்குப் பிறகு பின்பாதியை 32இல் முடித்தார். 17ஆவது துளையில், பார் 4இல், ஒரே அடியில் கிரீனுக்கு ஏற்றிப் பேர்டி (பாருக்கு ஒன்று குறைவு). 18இல் 64 அடி தூரத்திலிருந்து பட் (கிரீனில் பந்தைத் துளைக்கு உருட்டும் அடி) அடித்தார். இரண்டு பட்டில் முடித்தாலே கோப்பை கையில், அவரோ ஒன்றில் முடித்தார். மொத்தம் 279, பாருக்கு ஒன்று கீழே. களத்தில் வேறு யாரும் பாருக்குக் கீழே முடிக்கவில்லை.

அந்தப் பட் அடியை மறுபடி பார்ப்பவர்கள் அரை நிமிடம் பின்னுக்குப் போக வேண்டாம், ஐந்து நிமிடம் போங்கள். உடன் ஆடிய விக்டர் ஹோவ்லண்ட் ஏறத்தாழ அதே கோட்டில் முதலில் அடிக்கிறார். அவருடைய பந்து கடைசி அடிகளில் எப்படி வளைகிறது, எங்கே வேகம் குறைகிறது என்று ஸ்பான் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இந்தச் சங்கிலி இல்லாமல், பந்து விழும் நொடியை மட்டும் வெட்டிப்போடும் சுருக்கத் தொகுப்புகள் அதை வெறும் அதிர்ஷ்டமாக்கிவிடுகின்றன. பாருக்கு ஒன்று மேலே முடித்துவிட்டுக் காத்திருந்த ராபர்ட் மெக்கின்டயர், தன் கோப்பை போனதைப் பார்த்துக் கைதட்டுகிறார். அந்தக் காட்சியைத் தவறவிடாதீர்கள்.

விதி விளக்கத்தில்தான் கோல்ஃப் ஒளிபரப்புகள் இன்னும் வளர வேண்டும். மூன்றாம் சுற்று முடிவில் முன்னிலையில் இருந்த சாம் பர்ன்ஸ், 15ஆவது துளையில் தேங்கிய நீருக்காக நிவாரணம், அதாவது அபராதமில்லாமல் பந்தை இடம் மாற்ற அனுமதி, கேட்டார். நடுவர்கள் மறுத்தார்கள். டபுள் போகி. விதி சொல்வது இதுதான்: வீரர் நிற்குமுன்போ நின்ற பிறகோ, காலை அழுத்தித் துழாவாமல், நீர் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மண் ஈரமாக, சொதசொதவென்று இருந்தால் மட்டும் போதாது. இந்த ஒரு வாக்கியத்தைத் திரையின் கீழே எழுத்தில் போட்டால், நடுவர் எதைத் தேடுகிறார் என்று பார்ப்பவருக்கும் புரியும். ஹாக்கியில் ஆஃப்சைடு (பக்குக்கு முன்பே வீரர் எதிரணிப் பகுதிக்குள் நுழைவது) மேல்முறையீட்டின்போது நீலக் கோட்டை ஒட்டிய படத்தை நிறுத்திக் காட்டுவதுபோல, ஷூவின் ஓரத்தை நெருங்கிக் காட்டும் ஒரு படம் இங்கே வேண்டும்.

ஒலியில் கோல்ஃப் கெட்டிக்காரத்தனமாக வென்றது. கேடியும் (வீரரின் பையைச் சுமக்கும் உதவியாளர்) வீரரும் தூரம் பேசுவது, ஈர மண்ணில் இரும்பு மட்டை இறங்கும் சத்தம், எல்லாம் வர்ணனை அடங்கும்போது கேட்கும். பெட்டியின் இரவு ஒலி முறையை அணைத்தால்தான் இது நடக்கும். அந்த முறை மெல்லிய சத்தத்தையும் கூட்டத்தின் ஆரவாரத்தையும் ஒரே மட்டத்துக்கு இழுத்துவிடும்.

முழுப் பதிவு கையில் கிடைத்தால், ஹாக்கியில் மூன்றாம் பகுதி முழுவதும், கோல்ஃபில் மழைக்குப் பிறகு ஸ்பான் 12ஆவது துளையில் அடித்த நீண்ட பட்டிலிருந்து முடிவுவரை. இரண்டும் சேர்ந்து ஒரு மாலைக்கு அளவாக இருக்கும்.