ரெடிமேட் இன்சோலா, அளவெடுத்துச் செய்வதா?

காலையில் கட்டிலை விட்டு இறங்கியதும் குதிகாலில் ஆணி ஏறியது போல வலி. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியின் மேட்டுச் சாலைகளில் நடந்தே பழகிய எனக்கு இது புதிது. பழைய ஷூவைத் திருப்பிப் பார்த்தேன்; உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. பாதம் உள்நோக்கி அதிகம் சாய்கிறது என்றார் பாத மருத்துவர்.

முதலில் மருந்துக்கடையில் ரெடிமேட் இன்சோல்தான் (ஷூவுக்குள் பாதத்தின் அடியில் வைக்கும் தாங்கி) வாங்கினேன். மெத்தென்று இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். நடுவில் மடக்கிப் பாருங்கள். துணிபோல மடிந்தால் பாத வளைவைத் தாங்காது. குதிகால் உட்காரும் குழி ஆழமாக இருக்கட்டும். ஷூவில் ஏற்கெனவே இருக்கும் இன்சோலை எடுத்துவிட்டு இதை வையுங்கள், இல்லையென்றால் குதிகால் வெளியே வழுக்கும். வெறும் ஃபோம் சில மாதங்களில் அமுங்கிவிடும்.

அளவெடுத்துச் செய்தால் விலை பல மடங்கு. ஆனால் அதில் வரும் பாலிபுரொப்பிலீன் என்ற கெட்டி பிளாஸ்டிக் தகடு வருடக்கணக்கில் உழைக்கும். சாதாரணக் குதிகால் வலிக்கு அது ரெடிமேடைவிடத் தெளிவாக மேல் என்று ஆய்வுகள் காட்டவில்லை. சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் கதை வேறு. என் அக்கா அப்படித்தான். அவரைக் கடை இன்சோல் பக்கம் நான் விடவே மாட்டேன், மருத்துவரிடம்தான் கூட்டிப்போகிறேன்.

எதுவானாலும் முதல் நாள் ஒரு மணி நேரம் போதும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். எனக்கு ரெடிமேடே சரியாக அமைந்தது. கூடவே தினமும் கெண்டைக்காலை நீட்டிப் பயிற்சி செய்கிறேன்.