ஸ்கிம் தரநிலையா, கனெக்டரா, கோப்பா? அடையாள ஆளுகைத் தளத்தோடு மென்பொருளை இணைக்கும் வழிகள்

செயில்பாயின்ட், சேவியன்ட், மைக்ரோசாஃப்ட் என்ட்ரா போன்ற அடையாள ஆளுகைத் தளம் ஒன்றை, அதாவது யாருக்கு எந்த மென்பொருளில் என்ன உரிமை என்பதை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் மென்பொருளை, வாங்கி நிறுவுவது ஒப்பீட்டளவில் எளிய வேலை. அதன்பிறகு கணக்கியல், மனிதவளம், விற்பனை, கிடங்கு என்று நிறுவனத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள்களை ஒவ்வொன்றாக அதனோடு இணைப்பதில்தான் காலமும் உழைப்பும் கரைகின்றன. எந்த வழியில் இணைப்பது என்ற பேச்சு எழும்போது, புதியவருக்குக் கணக்கு தானாக உருவாகுமா, விலகியவரின் கணக்கு தானாக மூடப்படுமா என்பதையே எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ஆளுகையைப் பொறுத்தவரை அது இரண்டாவது கேள்வியாகத்தான் இருக்க வேண்டும். அந்த மென்பொருளுக்குள் இன்றைக்கு யாரிடம் என்ன உரிமை இருக்கிறது என்பதை இந்த இணைப்பு எவ்வளவு நுணுக்கமாகப் படித்துக்காட்டும் என்பதே முதல் கேள்வி. தம் குழுவினரின் உரிமைகள் இன்னும் தேவையா என்று மேலாளர்கள் பார்க்கும் அணுகல் மறுஆய்வு, ஒரே ஆளிடம் சேரக் கூடாத உரிமைகளைப் பிரித்துவைக்கும் பணிப்பிரிப்பு விதிகள், உரியவர் யாரென்றே தெரியாத கணக்குகளைக் கண்டுபிடிப்பது ஆகிய மூன்றும் அந்தப் படிப்பை நம்பியே நிற்கின்றன. ஆகவே இங்கே ஒவ்வொரு வழியையும் முதலில் படிக்கும் திறனாலும், அதன்பின் எழுதும் திறனாலும் (கணக்குகளையும் உரிமைகளையும் அங்கே மாற்றும் திறன்) எடைபோடுகிறேன்.

இன்று எல்லோரும் முதலில் உச்சரிக்கும் பெயர் ஸ்கிம்: ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றில் பயனர் கணக்குகளை உருவாக்கவும் மாற்றவும் மூடவும் உதவும் பொதுத் தரநிலை. இதே நோக்கத்தோடு ஓயாசிஸ் என்ற தரநிலை அமைப்பு 2003இல் வெளியிட்ட எஸ்பிஎம்எல் என்ற எக்ஸ்எம்எல் அடிப்படையிலான தரநிலை பரவலாக வேரூன்றவில்லை. ஸ்கிமின் முதல் பதிப்பு 2011இல் வந்தது. இன்று புழங்கும் 2.0 பதிப்பு 2015 செப்டம்பரில் ஆர்எஃப்சி 7643, 7644 ஆகிய இணையத் தரநிலை ஆவணங்களாக வெளியானது. சாதாரண எச்டிடிபி அழைப்பு, ஜேசான் என்ற எளிய உரைவடிவத் தரவு, பயனருக்கும் குழுவுக்கும் பொதுவான வரையறை என்று அதன் அமைப்பு எளிமையானது. மென்பொருளை விற்கும் நிறுவனம் ஒருமுறை ஸ்கிமைச் செயல்படுத்திவிட்டால், எந்த ஆளுகைத் தளமும் அதோடு பேசலாம். ஒருவர் வேலையில் சேரும்போது கணக்கைத் திறப்பதற்கும், விலகும்போது அதன் செயல்நிலைப் புலத்தை அணைப்பதற்கும் இதைவிடச் செலவு குறைந்த வழி இல்லை.

ஆனால் படிக்கும் திறன் என்று வரும்போது ஸ்கிமின் பலவீனம் தெரிகிறது. பயனரின் பங்குகளையும் (ரோல்) உரிமைகளையும் வைப்பதற்கு அந்தத் தரநிலையில் புலங்கள் உண்டு; ஆனால் அவற்றுக்குள் என்ன சொற்கள், எந்த வடிவில் வர வேண்டும் என்பதை அது வரையறுக்கவே இல்லை. பயனர் பதிவில் உள்ள குழுப் பட்டியலோ படிக்க மட்டுமே உரியது. ஒருவரைக் குழுவில் சேர்க்கவும் நீக்கவும் குழுவின் பதிவைத்தான் மாற்ற வேண்டும். இதனால் பல மென்பொருள்களில் ஸ்கிம் வழியாக நான்கைந்து குழுப் பெயர்கள் மட்டும் வெளியே வருகின்றன. மென்பொருளின் நிர்வாகி உள்ளிருந்து நேரடியாகக் கொடுத்த திட்ட அளவிலான உரிமைகளோ, தனிக் கோப்புறைகளின் உரிமைகளோ அந்தப் பார்வைக்கு அகப்படுவதில்லை. மறுஆய்வு செய்யும் மேலாளரின் திரையில் எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலத் தோன்றும். எதுவுமே தெரியாத நிலையைவிட இந்தப் பொய்யான தெளிவு மோசமானது என்பது என் கருத்து.

தரநிலை ஒன்று என்றாலும் அதைச் செயல்படுத்தும் விதம் ஒன்றல்ல. பகுதி மாற்றத்துக்கான பேட்ச் அழைப்பை ஒவ்வொரு நிறுவனமும் ஒருவிதமாகப் புரிந்துகொண்டிருக்கிறது. மைக்ரோசாஃப்ட்டின் தளமே உண்மை-பொய் மதிப்பை எழுத்துச் சரமாக அனுப்பிவந்ததால், தரநிலைக்கு இணங்க அனுப்பச் செய்வதற்கென்று தனி அமைப்புக்கொடி ஒன்றை வைக்க நேர்ந்தது. நீக்குதலிலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. நீக்கச் சொன்ன கணக்கை மென்பொருள் உண்மையில் அழிக்காமல் வைத்துக்கொள்ள ஆர்எஃப்சி 7644 இடம் கொடுக்கிறது; ஆனால் அதன்பின் அந்தக் கணக்கைப் பற்றிக் கேட்டால் அப்படி ஒன்று இல்லை என்றே பதில் சொல்ல வேண்டும். அதாவது கணக்கு உள்ளே உறங்கிக்கொண்டிருக்கலாம், ஆளுகைத் தளத்தின் கண்ணுக்கு மட்டும் தெரியாது. இதனால் நீக்குவதைவிடச் செயலிழக்கச் செய்வதே ஆளுகைக்கு உகந்தது. இவை போதாதென்று, பல இணைய மென்பொருள்கள் ஸ்கிம் வசதியைத் தங்கள் உயர்கட்டணத் திட்டத்தில் மட்டுமே தருகின்றன.

ஒருமுறை உள்நுழைந்து பல மென்பொருள்களைப் பயன்படுத்தும் ஒற்றை உள்நுழைவு இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. அதற்கான சாம்ல் என்ற தரநிலை வழியாக முதல் உள்நுழைவின்போதே கணக்கை உருவாக்கிக்கொள்ளும் வசதி உண்மையில் கணக்கைத் திறக்கிறது, மூடுவதில்லை. விலகிப்போனவர் மறுபடி உள்நுழைவதில்லை என்பதால், மூட வேண்டும் என்று மென்பொருளுக்குச் சொல்லும் நிகழ்வே நேர்வதில்லை.

ஸ்கிமுக்கு நேர் எதிரே நிற்பது, குறிப்பிட்ட மென்பொருளுக்கென்றே ஆளுகைத் தளத்தின் நிறுவனம் செய்துதரும் ஆயத்தக் கனெக்டர், அதாவது இணைப்பு மென்பொருள். இரண்டையும் எஸ்ஏபி என்ற நிறுவன மேலாண்மை மென்பொருளை வைத்து ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். எஸ்ஏபியில் ஒரு பங்கின் பெயர் எதையும் சொல்லாது. அதற்குள் எந்தெந்த வேலைகளைத் திறக்கும் பரிவர்த்தனைக் குறியீடுகள் இருக்கின்றன என்பதுதான் செய்தி. புதிய விற்பனையாளரைப் பதிவுசெய்யும் எக்ஸ்கே01 என்ற குறியீடும், பணம் செலுத்தும் ஓட்டத்தை இயக்கும் எஃப்110 என்ற குறியீடும் ஒரே ஆளிடம் சேர்ந்தால், இல்லாத விற்பனையாளரை உருவாக்கி அவருக்குப் பணம் அனுப்ப வழி திறந்துவிடும். குழுப் பெயர்களோடு நின்றுவிடும் ஸ்கிம் இணைப்பால் இந்த மோதலைக் காண முடியாது. வெளி மென்பொருள்கள் அழைப்பதற்கென்று உள்ள எஸ்ஏபியின் பேப்பி செயற்கூறுகளை அழைத்துப் பேசும் கனெக்டர் பங்குகளையும், கூட்டுப் பங்குகளையும், அவற்றின் உட்பொருளையும் இழுத்துவர முடியும். விற்பனை மென்பொருளான சேல்ஸ்ஃபோர்ஸிலும் இதே கதைதான்: ஒரு பயனருக்கு அடிப்படை உரிமைகளைத் தரும் புரொஃபைல் ஒன்றே ஒன்றுதான், அனுமதித் தொகுப்புகள் எத்தனையும் இருக்கலாம், பயனரை அழிக்கவே முடியாது, செயலிழக்க மட்டுமே செய்யலாம். இந்த வழக்கங்கள் எல்லாம் அறிந்த கனெக்டர், தன்னிடம் உரிமையை நீக்கச் சொன்னால் எதை நீக்கலாம், எதை மாற்றித்தான் வைக்க முடியும் என்று அறிந்து நடக்கும்.

இந்த ஆழத்துக்கு விலை உண்டு. மென்பொருளின் பதிப்பு மாறும்போது கனெக்டரும் மாற வேண்டும். அது ஆளுகைத் தள நிறுவனத்தின் கால அட்டவணையைப் பொறுத்தது. நிறுவனத்தின் சொந்த வளாகத்தில் ஓடும் மென்பொருளை மேகத்திலுள்ள தளத்தோடு இணைக்க, இடையில் ஒரு முகவர் மென்பொருளையும் நிறுவிப் பேண வேண்டும். மேலும், கனெக்டர் பயன்படுத்தும் சேவைக் கணக்கு கணக்குகளை உருவாக்கவும் உரிமைகளை வழங்கவும் வல்லது என்பதால், அந்த மென்பொருளிலேயே அதிகாரம் மிக்க கணக்குகளில் அதுவும் ஒன்று. அதையே மறுஆய்வுப் பட்டியலில் சேர்க்க மறப்பவர்கள் ஏராளம். எஸ்ஏபி தனது அடையாள மேலாண்மைப் பொருளின் வழக்கமான பராமரிப்பை 2027 இறுதியோடு நிறுத்துவதாக அறிவித்திருப்பதால், அதை நம்பியிருந்த நிறுவனங்கள் இந்த ஒப்பீட்டை இப்போதே செய்தாக வேண்டிய நிலையில் இருக்கின்றன.

ஆயத்தக் கனெக்டரும் இல்லை, ஸ்கிமும் இல்லை, ஆனால் பிற மென்பொருள்கள் அழைத்துப் பேசுவதற்கான ஏபிஐ இருக்கிறது என்றால், பெரும்பாலான தளங்களில் உள்ள ஏபிஐகளை இணைய வழியில் அழைக்கும் பொதுவான ரெஸ்ட் கனெக்டரை அமைத்துக்கொள்ளலாம். ஏபிஐ இடம்கொடுக்கும் எதையும் படிக்கலாம், எதையும் எழுதலாம். ஆனால் பக்கம் பக்கமாகத் தரவை எடுப்பது, அழைப்புகள் மிகுந்தால் வரும் 429 மறுப்பைச் சமாளிப்பது, காலாவதியாகும் அனுமதி டோக்கனைப் புதுப்பிப்பது எல்லாம் அமைப்பவரின் பொறுப்பு. அமைத்தவர் வேலை மாறிப்போனபின் அதைப் பேண ஆள் இருக்கிறாரா என்பதைத் தவிர இதில் ஆராய அதிகமில்லை.

பழைய உள்ளகப் பயன்பாடுகளுக்குத் தரவுத்தளத்தையே நேரடியாக ஜேடிபிசி என்ற தரவுத்தள இணைப்பு முறை வழியாக அணுகுவது வழக்கம். படிப்பதற்கு இதைவிட நல்ல வழி அரிது: பயனர், பங்கு, உரிமை ஆகிய அட்டவணைகளின்மேல் ஒரு காட்சியை (வியூ) அமைத்து, படிக்க மட்டுமே அனுமதியுள்ள கணக்கைக் கொடுத்தால் உள்ளபடியே எல்லாம் தெரிந்துவிடும். எழுதுவதற்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். பயன்பாடு தன் விதிகளைத் தன் நிரலில் வைத்திருக்கிறது. அட்டவணையில் நேராக ஒரு வரியைச் செருகினால் அந்த விதிகளும், பயன்பாட்டின் தணிக்கைப் பதிவும் ஒருசேரப் புறக்கணிக்கப்படுகின்றன.

இவற்றுக்கெல்லாம் கீழே, யாரும் மதிக்காத இடத்தில் இருப்பது, காற்புள்ளியால் பிரித்த வரிகளைக் கொண்ட சிஎஸ்வி கோப்பு. கணக்குகளுக்கு ஒரு கோப்பு, உரிமைகளுக்கு ஒரு கோப்பு என்று ஒவ்வோர் இரவும் வந்தால் போதும், மறுஆய்வும் பணிப்பிரிப்புச் சோதனையும் மறுநாளே நடக்கலாம். படிப்பை முதலில் வைக்கும் அளவுகோலின்படி, உரிமைகளை முழுமையாகத் தரும் ஒரு கோப்பு, குழுப் பெயர்களோடு நிற்கும் ஸ்கிம் இணைப்பைவிட மேல். அதன் ஆபத்துகள் வேறு வகையானவை. ஏற்றுமதி பாதியில் அறுந்து அரைகுறைக் கோப்பு வந்தால், மீதிக் கணக்குகள் அழிந்துவிட்டன என்று தளம் முடிவுகட்டிவிடும். குறிப்பிட்ட விகிதத்துக்கு மேல் கணக்குகள் காணாமற்போனால் செயலை நிறுத்தும் வரம்பை அமைப்பது கட்டாயம். கோப்பை யாராவது விரிதாளில் திறந்து சேமித்தால், 001234 என்ற பணியாளர் எண் 1234 ஆகிவிடும். அதன்பின் கணக்கு எந்த ஆளோடும் பொருந்தாமல் ஆளில்லாக் கணக்குகளின் பட்டியலில் போய் நிற்கும். கோப்பைக் கையால் தயாரிக்கிறார்கள் என்று தெரிந்தால், அது முழுமையானதுதான் என்பதற்குத் தணிக்கையாளர் சான்று கேட்பார். எனவே அது மனிதக் கை படாமல் தானியங்கி வேலையாக வெளிவர வேண்டும்.

கோப்பால் எழுத முடியாது என்ற குறையைச் சேவைமேசைச் சீட்டு, அதாவது நிர்வாகிக்குப் போகும் வேலைக் கோரிக்கை, நிரப்புகிறது. மேலாளர் ஓர் உரிமையை மறுத்தால் தளம் ஒரு சீட்டை எழுப்புகிறது. நிர்வாகி உள்ளே சென்று நீக்கிவிட்டுச் சீட்டை மூடுகிறார். மூடப்பட்ட சீட்டு வேலை முடிந்ததற்குச் சான்றாகாது. அடுத்த கோப்பில் அந்த உரிமை இல்லை என்பதைத் தளமே பார்த்து உறுதிசெய்த பிறகே வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும். இன்னும் இருந்தால் சீட்டு மீண்டும் திறக்கட்டும். இப்படித் திரும்பத் திரும்பச் சீட்டுகள் திறக்கும் மென்பொருள்கள் எவையோ, எழுதும் கனெக்டருக்கான பணத்தை முதலில் அவற்றுக்கே ஒதுக்கலாம்.