கும்பகோணத்துப் பழைய வீட்டு மாடி: கட்டில், ஊஞ்சல், ஈயச்சொம்பு

கும்பகோணத்தில் சாரங்கபாணி கோவிலைச் சுற்றிய தெருக்களில் ஒன்றில், பழைய வீட்டு மாடி போர்ஷனை நாள் வாடகைக்கு விடுகிறார்கள். சொந்தக்காரர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். கீழே ஒரு பெரியவர் குடும்பத்தோடு தங்கிப் பார்த்துக்கொள்கிறார். சில வருடங்களாகவே கல்யாணம், கோவில், அம்மாவழிச் சொந்தம் என்று எதற்கு ஊருக்கு வந்தாலும் எங்களுக்கு ஜாகை அங்கேதான். கோடை, அடைமழை, மார்கழிக் குளிர் எல்லாவற்றிலும் இருந்து பார்த்தாயிற்று. ஒரு ராத்திரி தங்கிவிட்டு ‘ஆன்டிக் லுக், சூப்பர்’ என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் சொல்லாத சில விஷயங்கள் உண்டு. அவற்றை இங்கே எழுதுகிறேன்.

திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கொல்லை என்று வாசலில் நின்றால் கிணறு வரை தெரிகிற தஞ்சை ஜில்லா வீடு. பக்கத்திலேயே சாரங்கபாணி சன்னிதித் தெருவில் கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு இருக்கிறது. சாஸ்திரா பல்கலைக்கழகம் வாங்கி 2003 முதல் நினைவில்லமாகப் பராமரித்து வருகிறது. தெருவைப் பார்த்த ஜன்னலோரம் கட்டில் போட்ட சின்ன அறையும், குறுகலான கூடமுமாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வந்தால், நாங்கள் தங்கும் வீடு அதனுடைய வசதியான அண்ணன் மாதிரி தோன்றும். மாடியில் ஒரு கூடம், இரண்டு அறை, சின்னச் சமையலறை, பின்பக்கம் புதிதாகக் கட்டிய குளியலறை. ஏறும் படி செங்குத்தான மரப்படி. முழங்கால் வலி உள்ளவர்களை அழைத்து வருவதாக இருந்தால் இதை முதலில் யோசியுங்கள். நிலைப்படி தாழ்வு என்பதால் உயரமானவர்கள் முதல் நாள் ஒருமுறையாவது நெற்றியில் வாங்கிக்கொள்வார்கள்.

இப்போது சாமான்கள். மாடி முழுக்கப் பழைய மரச்சாமான்தான், ஆனால் எல்லாம் ஒரே ஜாதி இல்லை. பாதி, வீட்டோடு பிறந்தவை. மீதி, வாடகைக்கு விட ஆரம்பித்தபோது இடத்தை நிரப்புவதற்காக வாங்கிப் போட்டவை. காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருப்பக்கம் பழைய சாமான் கடைகள் வரிசையாக உண்டே, அங்கிருந்து ஒரு லோடு வந்ததாகப் பெரியவரே சொன்னார். போட்டோவில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். ஒரு வாரம் புழங்கினால், எது இந்த ஊர் வெயிலுக்கும் கொசுவுக்கும் செய்தது, எது வேடிக்கை காட்ட வந்தது என்று தானாகப் பிரிந்துவிடும்.

வீட்டோடு பிறந்தவற்றில் முதல் மரியாதை கட்டிலுக்கு. நாலு மூலையிலும் கடைந்த கால்கள் தலைக்கு மேலே உயர்ந்து, மேலே சட்டம் போட்ட கட்டில். ராஜா வீட்டுக் கட்டில் என்று சொல்லிப் பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கால்களின் உண்மையான வேலை ராத்திரி ஏழு மணிக்கு மேல்தான் புரியும். காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவில் உள்ள ஊர், சுற்றிலும் வாய்க்கால், வயல். கொசுவுக்குக் கேட்கவா வேண்டும்? சட்டத்தில் கொசுவலையைக் கட்டி, ஓரத்தை மெத்தைக்கடியில் சொருகிவிட்டால், உள்ளே மின்விசிறிக் காற்றும் வரும், எழுந்து உட்காரத் தலையும் இடிக்காது. எந்த லாட்ஜிலும் இந்த நிம்மதி எனக்குக் கிடைத்ததில்லை.

கட்டிலைக் கெடுத்தது மெத்தை. முன்பு இலவம்பஞ்சு மெத்தை இருந்தது. நடுவில் குழி விழும், வெயிலில் போட்டுத் தட்ட வேண்டும், உண்மைதான். யாரோ புகார் சொல்ல, முக்கால் அடிக்குக் குறையாத ஸ்பிரிங் மெத்தையை வாங்கிப் போட்டுவிட்டார்கள். ஏற்கெனவே உயரமான கட்டில், இப்போது அம்மா ஏற முக்காலி தேவைப்படுகிறது. வலையைச் சொருகவும் இடம் பத்தவில்லை. நாங்கள் போகும்போது முன்கூட்டியே போன் பண்ணிப் பழைய மெத்தையைப் போடச் சொல்லிவிடுகிறோம். பரணில் பத்திரமாக வைத்திருக்கிறார்.

கூடத்து ஊஞ்சல் அடுத்தது. அகலமான பலகை, பித்தளைச் சங்கிலி, மேலே தேக்கு உத்தரத்தில் கொக்கி. மத்தியானம் மின்சாரம் போனால் அந்த மாடியில் உட்கார முடிகிற இடம் அது ஒன்றுதான். லேசாகக் காலால் உந்தினால் காற்று தானாக வரும். கொக்கி கிறீச்சிட்டால் பெரியவரிடம் சொல்லுங்கள், ஒரு சொட்டு எண்ணெயில் அடங்கிவிடும். அப்புறம், சின்னப் பிள்ளைகள் இருந்தால் பக்கத்துத் தூணில் தலையணை ஒன்றைக் கட்டி வையுங்கள்.

நீளக் கைப்பிடி வைத்த ஈசிசேர் இரண்டு உண்டு. ஒன்றில் பழைய பிரம்புப் பின்னல், இன்னொன்றில் பிரம்பு அறுந்துபோய் பிளாஸ்டிக் வயர். இரண்டிலும் மாறி மாறி உட்கார்ந்தால் வித்தியாசம் முதுகுக்குத் தெரியும். பிரம்பில் வியர்க்காது. வயரில் கால் மணி நேரத்தில் சட்டை ஒட்டிக்கொள்ளும். பிரம்பு பின்ன ஆள் கிடைப்பது கஷ்டமாகிவிட்டதாம். இருக்கிற பிரம்பைக் காப்பாற்ற, அவ்வப்போது அடிப்பக்கமாக ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவிடுகிறார். தொய்ந்த பின்னல் அதில் மறுபடி இறுகிக்கொள்கிறது.

மூலையில் ஒரு சின்னப் பத்தாயம் நிற்கிறது. நெல் கொட்டி வைத்த பெட்டிக்குள் தட்டு அடித்து துணி அலமாரி ஆக்கியிருக்கிறார்கள். மரத்தில் இன்னும் நெல் தூசி வாசம் போகவில்லை. எனக்குப் பிடித்திருந்தது, என் மனைவி பட்டுப்புடவையைப் பெட்டியை விட்டு வெளியே எடுக்கவே இல்லை.

வாங்கி நிரப்பிய சாமான்களைப் பற்றி அவ்வளவு அன்பாக எழுத முடியவில்லை. வெல்வெட் சோபா ஒன்று. சித்திரை வைகாசியில் அதில் உட்காருவது தண்டனை, ஐப்பசியில் அதிலிருந்து பூஞ்சை வாடை. ஓடாத கிராமபோன், மேலே ‘தொடாதீர்கள்’ அட்டை. ஆளுயர பெல்ஜியம் கண்ணாடி என்று சொல்லி மாட்டியிருப்பதில் ரசம் பாதி உதிர்ந்துவிட்டது. பர்மா தேக்கு என்று அறிமுகம் செய்யப்பட்ட ஓர் அலமாரிக்கு அடியில் காலையில் பார்த்தால் மாவு கொட்டியிருக்கும். வைரம் பாய்ந்த தேக்கை வண்டு சுலபத்தில் தொடாது. மாவு கொட்டுகிறது என்றால் உள்ளே வேறு மரம், மேலே தேக்கு நிறத்தில் பாலிஷ். பெரியவர் ஊசியில் மண்ணெண்ணெய் எடுத்து ஓட்டை ஓட்டையாக ஏற்றுவதைப் பார்த்திருக்கிறேன். நம் பெட்டியை அதற்குள் வைக்க வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை: மேசை நாற்காலிகளில் பல பிரெஞ்சு பாலிஷ் போட்டவை. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் பாலிஷ் அது. சூடும் ஈரமும் பட்டால் வெளுத்துவிடும். டபராவை நேரடியாக வைத்த வட்டங்கள் மேசை முழுக்க இருக்கின்றன. முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்பதால், போனவுடன் ஏற்கெனவே உள்ள வட்டங்களைப் படம் எடுத்து அவருக்கே வாட்ஸப்பில் அனுப்பிவிடுவது நல்லது. அவர் கோபித்துக்கொள்வதில்லை, “எல்லாரும் இப்படிச் செஞ்சா எனக்கும் நல்லதுதான் தம்பி” என்றார்.

கூடத்துச் சுவர்க்கடிகாரம் அரை மணிக்கொரு தரம் அடிக்கும். வெள்ளிக்கிழமை தோறும் சாவி கொடுக்கிறார். தூக்கம் கெடுகிறவர்கள் பெண்டுலத்தைத் தாங்களே பிடித்து நிறுத்தாமல், அவரிடம் சொன்னால் நிறுத்தித் தருவார்.

சமையலறை என் அம்மாவின் ராஜ்ஜியம். திருவிடைமருதூர் பக்கத்தில் பிறந்தவள். எவர்சில்வரும் கேஸ் அடுப்பும் இருந்தாலும், அலமாரியில் வெங்கலப் பானை, அருவாமனை, பித்தளைக் காப்பி ஃபில்டர், ஈயச்சொம்பு எல்லாம் வைத்திருக்கிறார்கள். அலங்காரத்துக்கு என்று நினைத்தோம். அம்மா கேட்க மாட்டாள், பித்தளைப் பாத்திரத்தின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். ஈயப்பூச்சு தேய்ந்து போயிருந்தது. “இதுல புளி போட்டா களிம்பு ஏறும், எடுத்து வைடா” என்று ஓரமாக வைத்துவிட்டாள். ஈயச்சொம்பைக் கையில் எடுத்து எடை பார்த்து, இது நல்ல சொம்பு என்று அதில்தான் ரசம் வைத்தாள். பேர் ஈயம் என்றாலும் நல்ல சொம்பு வெள்ளீயத்தில் செய்தது. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். அதனால் வெறும் சொம்பை அடுப்பில் வைக்கவே கூடாது, தண்ணீரோ புளிக்கரைசலோ உள்ளே இருந்தால்தான் பாத்திரம் பிழைக்கும், தாளிப்பு தனிக் கரண்டியில். நமக்கு முன்னால் தங்கிய யாரோ ஒருவர் காலிச் சொம்பை ஏற்றிவிட்டுப் போன் பேசப் போயிருக்கிறார். அடிப்பாகம் போன அந்தச் சொம்பையும் பெரியவர் தூக்கிப் போடாமல் பக்கத்திலேயே வைத்திருக்கிறார், பாடம் சொல்வதற்கு. சமைக்க வேண்டாம் என்றால் பிரச்சினையே இல்லை, காலையில் நடக்கிற தூரத்தில் இட்லியும் தொட்டுக்கொள்ளக் கடப்பாவும் கிடைக்கும்.

மழைக்காலம் தனிக்கதை. கூரை மெட்ராஸ் டெரஸ். மரச்சட்டங்கள் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்தாக வைத்து, சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிக் கட்டியது. கோடை மத்தியானத்தில் சூட்டை மெதுவாகத்தான் உள்ளே விடும். ஆனால் வாங்கிய சூட்டை ராத்திரி பத்து மணி வரை இறக்கிக்கொண்டே இருக்கும், அந்த நேரத்தில் முற்றத்துப் பக்கம் வந்து உட்காருவதுதான் வழி. ஐப்பசி, கார்த்திகையில் கதவுகள் எல்லாம் ஊதிக்கொண்டு சாத்த மாட்டேன் என்னும். அது மரத்தின் குணம், தையில் சரியாகிவிடும். வடக்குச் சுவர் விவகாரம் அப்படி இல்லை. அங்கே சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடத்தில் சிமெண்ட் பூசிவிட்டார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும், சிமெண்ட் உள்ளேயே அடைத்து வைக்கும். விளைவு, வருஷா வருஷம் அந்த இடம் பொரிந்து உப்புப் பூத்து உதிர்கிறது. அதை ஒட்டி நிற்கிற பீரோவின் முதுகு கறுத்துவிட்டது. பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடச் சொன்னேன். அடுத்த முறை போனபோது தள்ளித்தான் இருந்தது, சிமெண்ட் மட்டும் இன்னும் கொஞ்சம் கூடியிருந்தது. சொந்தக்காரரிடம் போனில் சொன்னேன். பார்க்கிறேன் என்றார், பார்க்கவில்லை.

ஏசி ஒரு அறையில் மட்டும். ஓட்டை உடைசல் நிறைந்த பழைய ஜன்னல் என்பதால் பாதிக் குளிர் தெருவுக்குப் போகிறது. வைஃபை தடித்த சுவரைத் தாண்டாது, வேலை செய்ய வேண்டியவர்கள் கூடத்தில்தான் உட்கார வேண்டும். கார் தெருவுக்குள் வரும், நிறுத்த இடமில்லை. தைப்பொங்கலுக்கும் சித்திரைக்கும் சாரங்கபாணி தேர் ஓடும்போது வரவும் வராது. சென்னையிலிருந்து உழவன் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி ஆட்டோ பிடிப்பதே உத்தமம். மார்கழியில் விடிவதற்கு முன்பே திருப்பாவை ஒலிபெருக்கியில் வந்துவிடும். அம்மா ரசிப்பாள், என் பிள்ளைகள் தலையணையைக் காதில் வைத்துக்கொள்வார்கள்.

வாடகை, ஊரில் சுமாரான ஏசி அறை இரண்டு எடுக்கிற காசுக்குக் கொஞ்சம் மேலே. குடும்பமாக நாலைந்து நாள் தங்கி, ஒருநாள் தாராசுரம், ஒருநாள் சுவாமிமலையில் சிலை வார்ப்பதைப் பார்ப்பது, ஒருநாள் நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வாங்குவது என்று நிதானமாகச் சுற்றுகிறவர்களுக்குக் கட்டும். நவக்கிரகக் கோவில்களுக்கு விடிகாலையில் கிளம்பி ராத்திரி வந்து படுக்கிறவர்களுக்குக் கட்டாது, அவர்கள் ஊஞ்சலில் உட்காரவே மாட்டார்கள்.

நான் போவது தை, மாசியில். கொசு இருந்தாலும் வலை இருக்கிறது, கதவும் சாத்தும். ஆனால் 2028 மாசியில் மகாமகம். 2016-க்குப் பிறகு வருவது என்பதால் ஊரே நிரம்பிவிடும். அந்த நாட்களுக்கு வாடகை என்ன என்று பெரியவரிடம் கேட்டேன். “அதை அமெரிக்காவுலேருந்து சொல்லுவாங்க தம்பி. இப்பவே நாலு குடும்பம் சொல்லி வெச்சிருக்கு, நீங்க அஞ்சாவது. மெத்தை எதுன்னு மட்டும் இப்பவே சொல்லிடுங்க” என்றார். இலவம்பஞ்சு என்று சொல்லிவிட்டேன்.