178 கிரெய்ன்: ஆறு சீசன், ஓர் எரிச்சல்

".308 ரைஃபிளில் தூரத்து மானுக்கு எத்தனை கிரெய்ன் குண்டு போடலாம்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். கிரெய்ன் என்பது குண்டின் எடை அளவு; ஆறு வேட்டை சீசனாக 178 கிரெய்ன்தான் சுடுகிறேன். "கண்ணை மூடிக்கொண்டு 178 வாங்குங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். ஏனோ வாய் வரவில்லை.

முதலில் அதன் நல்ல குணத்தைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் நான் வைத்திருந்தது மழுங்கிய மூக்குள்ள 150. குழலை விட்டுக் கிளம்பும்போது விநாடிக்கு 2,800 அடிக்குச் சற்று மேலே. 178 கிளம்புவது 2,600-ல்தான். தொடக்கத்தில் இளைத்தவன். ஆனால் 400 கஜத்தில் கதை தலைகீழ்: 178 இன்னும் 1,900 அடி வேகத்தில் போகிறது, அந்த 150 சுமார் 1,775-க்கு இறங்கிவிடுகிறது. மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று அடித்தால் அதே தூரத்தில் 150 ஏறக்குறைய 19 அங்குலம் ஒதுங்கும். 178-க்கு 14 அங்குலத்துக்குள். மானின் நெஞ்சில் நாம் குறிவைக்கும் இடமே 8, 10 அங்குலம்தான். காற்றைத் தப்பாகக் கணிக்கிற என்னைப் போன்றவனுக்கு அந்த ஐந்தாறு அங்குலம் பெரிய தயவு.

இதில் பாதிப் புகழ் எடைக்குச் சேராது, வடிவத்துக்குச் சேரும். ஊசி மூக்கும் படகு வால் போல ஒடுங்கிய அடியும் உள்ள 150-ஐ எடுத்திருந்தால் வித்தியாசம் வெகுவாகச் சுருங்கியிருக்கும். பெட்டி மேல் எடைதான் பெரிய எழுத்தில் இருக்கிறது, நாமும் அதையே பார்த்து ஏமாறுகிறோம்.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். என் ரைஃபிள் இலேசானது. 178 சுட்டால் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) துள்ளி மேலே போய்விடும். போன சீசனில் ஒரு மாலை, 310 கஜத்தில் மான் பக்கவாட்டில் நின்றது. புல் இடப்பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. ட்ரிகரை அழுத்தினேன். அடுத்த கணம் ஸ்கோப்பில் வெறும் வானம். 'தொப்' என்ற சத்தம் மட்டும் திரும்பி வந்தது. நான் பார்வையை இறக்குவதற்குள் மானைக் காணோம். எந்தப் பக்கம் ஓடியது, காலை உதறியதா, முதுகை வளைத்ததா, ஒன்றும் தெரியாது. டார்ச்சோடு ஒரு மணி நேரம் தேடினேன். நின்ற இடத்திலிருந்து அறுபது அடி தள்ளி, புதருக்குள் கிடந்தது. குண்டு பாய்ந்த இடத்தில் ஒரு குறையும் இல்லை. அதுதான் இன்னும் கோபம்!

கணக்குப் போட்டால் இரண்டு எடைக்கும் உதையில் பெரிய வித்தியாசம் இல்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். தோளுக்கு ஒன்றுமே தெரியாது, கண்ணுக்குத்தான் தெரிகிறது. உதையைக் குறைக்கக் குழல் முனையில் பிரேக் மாட்டலாமே என்பார்கள். மாட்டலாம், சத்தம் கூடுமே, காது யாருடையது? கனமான ரைஃபிள் வாங்கலாம் என்பார்கள். மலையேறிச் சுமப்பது யார்?

குழலுக்குள் குண்டைச் சுழற்றும் திருகுவரி நண்பருடையதில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. என்னுடையது 10-க்கு ஒன்று. நீளமான கனக் குண்டை நிலையாகச் சுழற்ற என்னுடையதுதான் வசதி. ஈயம் இல்லாத முழுச் செம்புக் குண்டு வாங்கினால் அதே எடைக்கு இன்னும் நீளம் கூடும், அதையும் பார்க்கச் சொன்னேன். எதுவானாலும் மானில் படும்போது விநாடிக்கு 1,800 அடியாவது இருக்க வேண்டும். பல குண்டுகள் அதற்குக் கீழே சரியாக விரியாமல் துளைத்துக்கொண்டு போய்விடும்.

கடைசியில் அவருக்கு ஊசி மூக்கு 150 என்று சொல்லிவிட்டேன், 300 கஜத்தைத் தாண்ட வேண்டாம் என்ற நிபந்தனையோடு. "அப்போ உங்களிடம் மீதியிருக்கும் 178-ஐ எனக்கே தந்துவிடுங்களேன், பயிற்சிக்கு ஆகும்" என்றார். அலமாரியில் இரண்டு பெட்டி இருக்கிறது. தீர்ந்துபோய்விட்டது என்று சொன்னேன்.